பொடியில் என்ன இருக்கிறது?

கேள்வி: என் மாமியாருக்கு 66 வயது. 12 வருடமாகச் சர்க்கரை நோய். மாதம் ஒருமுறை தாராவிக்கு வந்துபோகும் ஒரு வைத்தியரிடம் பொடி வாங்கிச் சாப்பிடுகிறார். இரண்டு மாதமாக மாத்திரையைத் தொடவே இல்லை. ஆனால் வெறும் வயிற்றில் 190 இருந்த சர்க்கரை 105-க்கு இறங்கிவிட்டது. "மூலிகைதானே, பக்க விளைவு கிடையாது" என்கிறார். என் கணவரும் ஆமாம் போடுகிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மாமியாருக்குத் தெரியாமல் மாத்திரையைப் பொடித்து ரசத்தில் கலந்துவிடட்டுமா?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: வேண்டாம் அம்மா, கலக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

மாத்திரை இல்லாமலே இவ்வளவு இறங்கியதுதான் எனக்குக் கவலை. இப்படிப்பட்ட பொடிகளில் கிளிபென்கிளமைடு போன்ற, சர்க்கரையைக் குறைக்கும் ஆங்கில மருந்தைக் கலந்திருப்பது சோதனைக்கூடங்களில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் பொடியிலும் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருந்தால், ரசத்தில் போகும் மாத்திரையும் சேர்ந்து சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். ராத்திரி தூக்கத்தில் நடந்தால் யாருக்குத் தெரியும்?

சயானில் இருந்த என் பெரியம்மா மூட்டுவலிக்கு இப்படித்தான் ஒரு பொடி சாப்பிட்டார். பத்தே நாளில் மாடிப்படி ஏறினார். நாலைந்து மாதத்தில் கன்னம் இரண்டும் உப்பி முகம் வட்டமாகிவிட்டது. உடம்பு தேறிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். பார்த்த உடனேயே டாக்டர் கேட்டது, "என்ன பொடி சாப்பிடுறீங்க?" கலந்திருந்தது ஸ்டீராய்டு. அதைச் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அந்தப் பொட்டலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மராத்திப் பேப்பரில் மடித்து, மேலே பால்பாயிண்ட் பேனாவில் 'கா, மா' என்று இரண்டே எழுத்து, காலை, மாலை என்பதற்கு. மாத்திரை அட்டையில் மருந்தின் பெயர், மில்லிகிராம், தயாரித்தவர், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். கெடுதல் நேர்ந்தால் யாரைக் கேட்பது என்றாவது தெரியும்.

மூலிகை மேல் எனக்குப் பகை இல்லை. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரைக்கே ஆதி மூலம் ஓர் ஐரோப்பியச் செடிதான். ஆனால் செடி என்பதாலேயே தீங்கில்லை என்று ஆகிவிடாது. கொரோனா சமயத்தில் கிலோய், அதாவது நம்ம சீந்தில், சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். அது வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. சரி, அப்படியே இருக்கட்டும். எந்தக் கொடி என்றே தெரியாமல் விழுங்கினார்கள் என்றுதானே அதற்கும் அர்த்தம்?

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். மாத்திரையை ஏன் விட்டார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மெட்ஃபார்மின் பலருக்கு வயிற்றைப் புரட்டும், பேதியாகும். சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு நிறுத்தியிருப்பார். டாக்டரிடம் சொன்னால் அளவையோ மாத்திரையையோ மாற்றித் தருவார்.

இந்த வாரமே பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு அவரை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை பார்த்தால் சர்க்கரையின் இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். கூடவே சிறுநீரகம், கல்லீரலுக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அதுவரை ராத்திரியில் அவர் தலைமாட்டில் குளுக்கோமீட்டரும் ஒரு டப்பாவில் சர்க்கரையும் இருக்கட்டும்.