விண்ணில் விளக்கெரியும் பட்டம்: ‘உலகின் முதல்’ என்று பதாகை கட்டலாமா?

கேள்வி: வடமராட்சியில் உள்ள எங்கள் சனசமூக நிலைய இளைஞர்கள் எட்டுமூலைப் பட்டம் ஒன்று கட்டியிருக்கிறோம். அதன் விண் நாடாவில் (பட்டத்தின் தலையில் கட்டும், காற்றில் கூவும் நாடா) சிறு காந்தங்களை ஒட்டி, அருகில் செப்புக் கம்பிச் சுருள் வைத்தோம். பட்டம் ஏறி விண் கூவத் தொடங்கியதும் சிறிய எல்.ஈ.டி. விளக்குகள் எரிகின்றன. பற்றரி கிடையாது. தைப்பொங்கலன்று ‘மின்சாரம் உற்பத்தி செய்யும் உலகின் முதல் பட்டம்’ என்று பதாகை கட்டி ஏற்ற விரும்புகிறோம். கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர் செலவை ஏற்கிறார். பணம் கட்டினால் ‘உலக சாதனை’ச் சான்றிதழ் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. கட்டலாமா? கின்னஸுக்கு அனுப்பலாமா? ஆக்கவுரிமை (பேற்றன்ற்) எடுக்க வழி உண்டா?

பதில்: தம்பி, பதாகைக்கு நீங்கள் எழுதியிருக்கும் வாசகம் பிழையானது. அதை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் பட்டம் பொய்யல்ல. நீங்கள் செய்திருப்பது எவ்வளவு புதியது என்று உங்களுக்கே சரியாகத் தெரியவில்லை என்பதுதான் என் கவலை. பெரிய சொல்லொன்றைத் தேடியதில் உண்மையான புதுமை மறைந்துபோயிருக்கிறது.

முதலில் பிழை எங்கே என்று பார்ப்போம். பட்டத்தால் மின்சாரம் எடுக்கலாம் என்ற எண்ணம் பழையது. அமெரிக்கப் பொறியியலாளர் மைல்ஸ் லொய்ட், காற்றுக்குக் குறுக்காகப் பறக்கும் பட்டத்திலிருந்து எவ்வளவு ஆற்றல் பெறலாம் என்பதை 1980இலேயே கணக்கிட்டுக் கட்டுரையாக வெளியிட்டார். கலிபோர்னியாவில் 2006இல் தொடங்கி, பின்னர் கூகுள் வாங்கிய மக்கானி நிறுவனம், 26 மீற்றர் அகலச் சிறகில் எட்டுச் சுழலிகள் பொருத்தி, 600 கிலோவாற்று தரக்கூடிய பட்டத்தைக் கட்டிப் பறக்கவிட்டது. 2020இல் அந்த முயற்சி மூடப்பட்டது. மூடப்பட்டாலும் ‘மின்சாரம் தந்த பட்டம்’ என்ற இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. உங்கள் பதாகையைப் படம் பிடித்து யாராவது இணையத்தில் போட்டால், அன்று மாலையே இந்தப் பெயர்களைச் சொல்லி ஒருவர் மறுத்துவிடுவார். அதன் பிறகு பட்டத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

இனி விண்ணுக்கு வருவோம். இங்குதான் விடயம் சுவையாகிறது. வில்லாக வளைத்த தடியில் நாடாவை இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலையில் பூட்டுகிறோம். காற்று அதைத் தாண்டிப் போகும்போது நாடா முறுகி, மீண்டு, மறுபக்கம் முறுகுகிறது. அந்த அசைவே அடுத்த அசைவுக்கு வேண்டிய விசையைக் காற்றிலிருந்து இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் காற்று நிற்கும்வரை கூவல் நிற்பதில்லை. இதே விளைவு பாலங்களையும் உடைத்திருக்கிறது. 1940 நவம்பரில் அமெரிக்காவின் டக்கோமா தொங்குபாலம், மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீற்றர் வேகக் காற்றில் முறுகி முறுகி அறுந்து விழுந்தது.

அந்தப் பால விபத்தை எண்ணிப் பார்த்துத்தான் ஷோன் ஃபிரெய்ன் என்ற இளைஞர், இழுத்துக் கட்டிய நாடாவின் முனையில் காந்தம் வைத்து, பக்கத்தில் கம்பிச் சுருள் வைத்து, சுழலி இல்லாமலே மின்சாரம் எடுத்தார். ஹெயிட்டியில் மின்சாரமற்ற வீடுகளைக் கண்டதிலிருந்து எழுந்த எண்ணம் அது. ‘விண்ட்பெல்ற்’ என்ற பெயரில் 2007இல் அது அறிமுகமானது. அதன் படத்தை ஒருமுறை பாருங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பார்த்தவுடன் ‘இது விண் அல்லவா’ என்பார்கள். ஆகவே நாடா அதிர்வில் மின்சாரம் எடுப்பதும் உங்கள் கண்டுபிடிப்பு அல்ல.

அப்படியானால் மிஞ்சுவது என்ன? பறக்கும் பட்டத்தில், பாட்டுக்காகவே கட்டப்படும் விண்ணை, அதன் பாட்டுக் கெடாமல் மின்பிறப்பாக்கி ஆக்கியது. அதுவே உங்களுடையதாக இருக்கக்கூடியது. அதைத்தான் தேட வேண்டும், சோதிக்க வேண்டும், எழுதிவைக்க வேண்டும்.

‘முதல்’ என்ற சொல்லின் முன் எத்தனை அடைமொழி போடலாம் என்று கேட்பீர்கள். உங்கள் கடலிலேயே பதில் இருக்கிறது. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த முதலாமவர் ஆனார். 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் போய்த் திரும்பி, 51 மணித்தியாலத்தில் இருவழியும் நீந்தினார். ‘போய்த் திரும்பி’ என்ற அடைமொழிக்குள் இரட்டிப்புக் கடலும் இரட்டிப்பு உழைப்பும் இருக்கின்றன. எனவே அது நேர்மையானது. ஆங்கிலக் கால்வாயில் 1875 மே மாதம் போல் பொய்ற்றன் காற்றடைத்த இரப்பர் உடையில் மிதந்து கடந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் மத்தியூ வெப் 21 மணி 45 நிமிடத்தில் உடல் வலிமையால் மட்டும் கடந்தார். ‘துணைக்கருவி இன்றி’ என்ற அடைமொழி வெப்பின் பெருமையைக் குறைக்கவில்லை, விளக்குகிறது.

அடைமொழியால் ஏமாற்றவும் முடியும். முதல் விமானம் யாருடையது என்ற சர்ச்சையில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் செய்தது அதுதான். தன் முன்னாள் செயலாளர் லாங்லியின் விழுந்துபோன பொறியை, 1914இல் பல மாற்றங்கள் செய்து சிறிது தூரம் பறக்கவிட்டு, ‘மனிதனைச் சுமந்து பறக்கவல்ல முதல் விமானம்’ என்று காட்சிக்கு வைத்தது. ‘பறந்த’ என்று எழுதாமல் ‘பறக்கவல்ல’ என்று எழுதியதில்தான் சூது. உண்மையில் முதலில் பறந்த ரைட் சகோதரர்களில் ஒருவரான ஓர்வில், மனம் நொந்து தம் விமானத்தை 1928இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். 1942இல் ஸ்மித்சோனியன் தவற்றை ஒப்புக்கொண்டது. விமானம் திரும்பி வந்தது 1948இல். அப்போது ஓர்வில் உயிருடன் இல்லை. ஆகவே என் அளவுகோல் இது: அடைமொழி செயலின் அருமையைச் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள், போட்டியாளரை வெளியே தள்ளுவதற்காக மட்டும் வந்திருந்தால் எடுத்துவிடுங்கள். ‘வடமாகாணத்தில் பொங்கலன்று சிவப்பு விளக்குடன் பறந்த முதல் எட்டுமூலை’ என்பது இரண்டாவது வகை.

தேடுவது எப்படி? கூகுள் பேற்றன்ற்ஸ், எஸ்பேஸ்நெற் ஆகிய இரண்டு தளங்களிலும் உலக ஆக்கவுரிமை ஆவணங்களை இலவசமாகப் பார்க்கலாம். பொருளின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். ‘விண்’ என்று உலகில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அது செய்யும் வேலையை ஆங்கிலத்தில் எழுதித் தேடுங்கள்: காற்றில் அதிரும் நாடா, காந்தம், சுருள், பட்டம். சீனாவிலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பாடும் பட்டங்கள் உண்டு. அங்குள்ள பட்டக்காரர்களின் காணொளிகளையும் பாருங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்து விரிவுரையாளர் ஒருவரிடம் உங்கள் தேடல் முடிவுகளைக் காட்டினால், எதைத் தவறவிட்டீர்கள் என்று சொல்வார். ஈழத்து நூல்களைச் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் நம் பழைய பத்திரிகைகளையும் மலர்களையும் புரட்டுங்கள். ஊரில் விண் கட்டும் பெரியவர்களிடமும் கேளுங்கள். எங்கே தேடினீர்கள், எந்தத் திகதியில், என்ன கிடைத்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பி சான்றிதழைவிடப் பெறுமதியானது.

எழுதிவைப்பதைப் பற்றி நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெட்டிப் பட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 1893இல் உருவாக்கியவர் சிட்னியில் வாழ்ந்த லோரன்ஸ் ஹார்கிரேவ். 1894 நவம்பர் 12ஆம் திகதி நான்கு பெட்டிப் பட்டங்களைக் கோத்து, தாமே அவற்றில் தொங்கி, கடற்கரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து மீற்றர் உயரம் எழும்பினார். அவர் எதற்கும் ஆக்கவுரிமை எடுக்கவில்லை. எல்லாவற்றையும் அறிவியற் சங்கத்தில் கட்டுரையாகப் படித்துப் பொதுவாக்கினார். இன்றும் அவர் பெயர் நிற்கிறது. பட்டத்தில் கமராவைக் கட்டி 1888இல் பிரான்சில் நிழற்படம் எடுத்த ஆர்தர் பட்டூவின் பெயரும் நிற்கிறது, ஏனெனில் படங்கள் இருக்கின்றன. நம் கொக்குப் பட்டத்தையும் பிராந்துப் பட்டத்தையும் முதலில் கட்டியவர் யார்? வளைவைக் கண்டுபிடித்த கை எது? ஒருவருக்கும் தெரியாது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பொங்கல் நாளன்று செய்யவேண்டியவற்றுக்கு ரைட் சகோதரர்களே நல்ல வழிகாட்டி. 1903 டிசம்பர் 17ஆம் திகதி காலை அவர்கள் முதன்முறை பறந்தது 12 விநாடி, 37 மீற்றர் கூட இல்லை. ஆனால் ஓர்வில் முன்கூட்டியே கமராவை முக்காலியில் நிறுத்தி, கடலோர மீட்புப் பணியாளர் ஒருவரிடம் அழுத்தும் பொறுப்பைக் கொடுத்திருந்தார். குடும்பத்தைச் சாராத ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றே தந்தைக்குத் தந்தி போனது. 1901இலேயே பறந்ததாகச் சொல்லப்படும் குஸ்தாவ் வைட்ஹெட்டுக்குப் பறக்கும் நிலையிலான தெளிவான படம் ஒன்றும் இல்லை. நூற்றாண்டு கடந்தும் வாதம் ஓயவில்லை.

உங்கள் பட்டத்துக்கு வரக்கூடிய முதல் சந்தேகம் ‘உள்ளே பற்றரி ஒளித்திருக்கிறார்கள்’ என்பதாகத்தான் இருக்கும். எனவே ஏற்றுவதற்கு முன் சாட்சிகள் எதிரில் மின்சுற்று முழுவதையும் திறந்து காட்டி, எடை நிறுத்து, முத்திரை ஒட்டுங்கள். இறக்கியதும் அதே சாட்சிகள் எதிரில் முத்திரையை உடைத்து மறுபடி எடை நிறுங்கள். காந்தம் இருக்கும் விண்ணையும் காந்தம் இல்லாத விண்ணையும் மாறி மாறிப் பூட்டி ஏற்றிக் காட்டினால் வாயடைத்துவிடும். சாட்சிகள் இருவராவது நிலையத்துக்கும் உங்கள் குடும்பங்களுக்கும் வெளியே இருக்கட்டும்: பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர், சமாதான நீதவான் ஒருவர். காணொளி வெட்டாமல் தொடர்ச்சியாக ஓடட்டும். காற்றின் வேகத்தையும் ஏறிய நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் குறியுங்கள். இன்னொரு சிறு குறிப்பு. சுருளிலிருந்து வருவது ஆடலோட்டம் (திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டம்) என்பதால் ஒரு விளக்கு பாதி நேரமே எரியும். இரண்டு விளக்குகளை எதிரெதிர்த் திசையில் இணைத்தால் இரு பாதியும் பயன்படும். சிவப்பு எல்.ஈ.டி.க்கு ஏறத்தாழ இரண்டு வோல்ற்று போதும். வெள்ளைக்கு மூன்று வேண்டும்.

ஆக்கவுரிமை வேண்டுமானால் பொங்கலுக்கு முன்பே கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி உரிமை 20 ஆண்டுகள். கண்டுபிடிப்பு உலகில் எங்குமே வெளிப்படாததாக இருக்க வேண்டும், துறை அறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். விண்ட்பெல்ற் இருப்பதால் இரண்டாவது நிபந்தனை உங்களுக்குக் கடினம். கூட்டத்தின் முன் ஏற்றிக் காட்டிய பிறகு ஐரோப்பாவில் விண்ணப்பித்தால், அந்தக் காட்சியே உங்களுக்கு எதிராகிவிடும். என்னைக் கேட்டால், விற்பனைக்குத் திட்டம் இல்லாதவரை ஹார்கிரேவின் வழியே உங்களுக்கு ஏற்றது.

கின்னஸ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அவர்கள் கேட்பது அளக்கக்கூடியதும் இன்னொருவர் முறியடிக்கக்கூடியதுமான ஒன்றை. ‘முதல்’ என்பதை யாரும் முறியடிக்க முடியாது என்பதால், மிக முக்கியமான சில முதல்களையே ஏற்கிறார்கள். ‘பற்றரி இன்றி விளக்கெரிய ஒரு பட்டம் வானில் நின்ற மிக நீண்ட நேரம்’ என்று ஒரே அளவாக மாற்றி எழுதினால் கவனிக்க இடமுண்டு. பதில் வரச் சில மாதங்கள் ஆகும் என்பதால் இப்போதே அனுப்புங்கள். சாதாரண வழியில் விண்ணப்பிக்கப் பெருந்தொகை தேவையில்லை. விரைவுச் சேவைக்கும் நடுவரை வரவழைப்பதற்குமே பெரும் செலவு.

சான்றிதழ் தருவதாகச் சொன்ன நிறுவனத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தத் தலைப்பின் விதிகளை எழுத்தில் தருவீர்களா? இதுவரை எந்த விண்ணப்பத்தையாவது நிராகரித்திருக்கிறீர்களா? எங்களுக்கு முன் எவரும் செய்யவில்லை என்று எங்கே தேடினீர்கள்? பதில் தொகையைப் பற்றி மட்டும் வந்தால் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

பதாகையில் இப்படி எழுதலாம்: ‘விண்ணின் அதிர்விலிருந்து மின்சாரம் பெற்று ஒளிரும் பட்டம். நாம் தேடியறிந்தவரை இவ்வகையில் முதலாவது.’ கீழே நிலையத்தின் பெயரும் ஆண்டும். ‘தேடியறிந்தவரை’ என்பதை வெட்டச் சொல்லி யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

விளக்கும் சுருளும் பட்டத்திலேயே இருக்கட்டும். நூலோடு செப்புக் கம்பியைத் தரைவரை கொண்டுவர எவராவது யோசனை சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அந்தக் கம்பி மின்விநியோகக் கம்பியில் பட்டால் நூலைப் பிடித்திருப்பவர் உயிர் போகும். பலாலியில் விமானங்கள் வந்துபோவதால், இரவில் ஒளியுடன் உயரே நிற்கும் பட்டத்தைப் பற்றிச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கும் பொலிசுக்கும் முன்னரே எழுதி அனுமதி கேளுங்கள்.

உறவினர் தரும் பணத்தில் நல்ல மல்டிமீட்டர் ஒன்றும் காற்றுவேகமானி ஒன்றும் வாங்குங்கள். மீதியில், விண்ணின் வரைபடமும் அளவுகளும் தேடல் கொப்பியும் சாட்சிக் கடிதங்களும் அடங்கிய சிறு பிரசுரம் ஒன்றை அச்சிட்டு, யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கும் கொடுங்கள். நூலகம் இணையத்தளத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். வரைபடத்தில் நாடாவின் நீளம், அகலம், இழுவை, காந்தத்தின் நிறை ஆகிய நான்கையும் எழுத மறக்க வேண்டாம். அவை இல்லாமல் இன்னொருவரால் அதைக் கட்ட முடியாது.