வெறும் டொமைனுக்கு சிநேம் பதிவை வைக்க முடியாதது ஏன்?

கேட்டவரின் சிக்கல் இது: டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. என்று தொடங்கும் பெயருக்கு சிநேம் பதிவு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் பதிவு) வைத்து, ஹோஸ்டிங் நிறுவனம் கொடுத்த பெயருக்குச் சுட்டியிருக்கிறார். அது சரியாக இயங்குகிறது. முன்னொட்டு இல்லாத வெறும் டொமைனுக்கும் அதையே செய்யப் போனால், டி.என்.எஸ். (இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் அமைப்பு) கன்ட்ரோல் பேனல் மறுக்கிறது.

அது மறுத்தது உங்களுக்கு நல்லதே. சில ஆண்டுகளுக்கு முன் நான் பயன்படுத்திய பேனல் மறுக்கவில்லை. பதிவைச் சேமித்ததும் தளம் திறந்தது. மறுநாள் பார்த்தால், அந்த டொமைனுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களில் சில வந்து சேர்ந்தன, சில அனுப்பியவருக்கே திரும்பிப் போயின. மின்னஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளை நான் தொடவே இல்லை என்பதால் காரணம் புரியாமல் வெகுநேரம் தவித்தேன்.

சிநேம் என்பதை "இந்தத் தளம் அங்கே இருக்கிறது" என்று படிப்பதில்தான் பிழை தொடங்குகிறது. அது உண்மையில் சொல்வது, "இந்தப் பெயருக்கென்று தனியாக எதுவும் இல்லை, எதைக் கேட்பதானாலும் அந்தப் பெயரிடம் கேளுங்கள்" என்பதே. 1987இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1034 என்ற இணையத் தர ஆவணம், சிநேம் இருக்கும் பெயரில் வேறு எந்தத் தரவும் இருக்கக் கூடாது என்று வரையறுத்தது இதனால்தான். வெறும் டொமைனிலோ, டொமைனின் நிர்வாக விவரத்தையும் அதன் டி.என்.எஸ். சர்வர்களையும் சொல்லும் எஸ்ஓஏ, என்எஸ் பதிவுகள் கட்டாயம் இருந்தாக வேண்டும். ஆகவே அங்கே சிநேமுக்கு இடமில்லை. என் விஷயத்தில், சிநேமை முன்பே கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்திருந்த ரிசால்வர்கள் (பயனர்களுக்காக டி.என்.எஸ். விடை தேடும் சர்வர்கள்), எம்எக்ஸ் கேள்வியையும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயருக்கே கொண்டுபோயின. மற்றவை என் எம்எக்ஸ் பதிவைச் சரியாகவே பெற்றன.

இதற்கு மாற்றாகப் பல டி.என்.எஸ். நிறுவனங்கள் ஏலியாஸ், ஏநேம், சிநேம் ஃபிளாட்டனிங் என்ற பெயர்களில் ஒரு வசதி தருகின்றன. டி.என்.எஸ். சர்வரே இலக்குப் பெயரின் ஐ.பி. முகவரியைத் தேடியெடுத்து, பெயருக்கு நேராக ஐ.பி. முகவரியைத் தரும் சாதாரண ஏ பதிவைப் போல விடையளிக்கும் என்பதால், எம்எக்ஸ் முதலியவை அதே பெயரில் தொல்லையின்றி இருக்கலாம். ஆனால் தேடுவது அந்த சர்வர் என்பதால், சிடிஎன் (பல இடங்களிலுள்ள சர்வர்களிலிருந்து தளத்தை வழங்கும் வலையமைப்பு) சில வேளைகளில் பார்வையாளருக்கு அருகிலுள்ள முகவரிக்குப் பதிலாக சர்வருக்கு அருகிலுள்ளதைக் கொடுத்துவிடும். 2023இல் வந்த ஆர்.எஃப்.சி. 9460இன் எச்டிடிபிஎஸ் என்ற டி.என்.எஸ். பதிவு வெறும் டொமைனிலும் இத்தகைய சுட்டலை அனுமதிக்கிறது; எல்லா மென்பொருள்களும் அதைப் படிப்பதில்லை என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க நான் சொல்லமாட்டேன். ஏலியாஸ் போன்ற வசதி உங்களிடம் இல்லையென்றால், வெறும் டொமைனுக்கு ஏ பதிவு வைத்து, அந்த சர்வரில் 301 எனும் நிரந்தரத் திருப்பிவிடல் அமைத்து, டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. பெயருக்கு அனுப்புங்கள், என் தேர்வு இதுதான்.

சிநேம் அப்படித் திருப்பிவிடுவதில்லை. பிரவுசரின் முகவரிப் பட்டையில் பெயர் மாறாது. இலக்கு சர்வருக்குப் போகும் கோரிக்கையிலும் உங்கள் பெயரே இருக்கும். ஆகையால் ஹோஸ்டிங் நிறுவனத்தின் அமைப்பில் உங்கள் டொமைனைச் சேர்த்திருக்க வேண்டும், பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழும் உங்கள் பெயருக்கு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இவை இல்லாமல் "சிநேம் சரி, தளம் மட்டும் பிழை காட்டுகிறது" என்று கேட்போர் பலர்.

டொமைனின் பதிவுகள் அடங்கிய சோன் ஃபைலைக் கையால் எழுதுபவராக இருந்தால், இலக்குப் பெயரின் கடைசியில் புள்ளி வைக்க மறக்காதீர்கள். புள்ளி இல்லாவிட்டால் 'ஹோஸ்ட்.இலக்கு.நெட்' என்பது 'ஹோஸ்ட்.இலக்கு.நெட்.என்தளம்.காம்' ஆகிவிடும்.

பின்னொரு நாள் அந்த ஹோஸ்டிங்கை விட்டு விலகினால், சிநேமை முதலில் நீக்கிவிட்டு, அதன் டிடிஎல் காலம் (பதிவு கேஷில் இருக்கக்கூடிய நேரம்) கழிந்த பிறகே கணக்கை மூடுங்கள். பதிவை அப்படியே விட்டுவிட்டால், கைவிடப்பட்ட அந்த இலக்குப் பெயரை வேறொருவர் அதே நிறுவனத்தில் பதிந்துகொண்டு, உங்கள் பெயரிலேயே தன் பக்கத்தைக் காட்ட முடியும்.