பிரெஞ்சு கால்பந்து லீக்: புதுச்சேரி, கடலூர் நண்பர்கள் கேட்டவை

கே: லீக் 1-இல் எத்தனை அணிகள்? கீழே இறங்குவது யார்? (முத்தியால்பேட்டை)

முதல் நிலைப் போட்டியான லீக் 1-இல் 2023–24 பருவத்திலிருந்து 18 அணிகள்; அதற்கு முன் 20. கடைசி இரண்டும் நேராக அடுத்த நிலையான லீக் 2-க்குப் போகும். 16ஆம் இடத்து அணி, லீக் 2-இலிருந்து மேலே வர முயலும் அணியோடு இரண்டு ஆட்டம் ஆடித் தப்பிக்கலாம்.

கே: ஆட்ட நேரம் குழப்புகிறதே, அண்ணே? (உப்பளம்)

கோடையில் பிரான்ஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. அங்கே ஞாயிறு இரவு 8.45 ஆட்டம் என்றால் நமக்கு நள்ளிரவு 12.15, இல்லாவிட்டால் 1.15. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரம் மாறும்.

கே: பாரிஸ் மாமா பி.எஸ்.ஜி. தவிர வேறு அணியே இல்லை என்கிறார். (லாஸ்பேட்டை)

பி.எஸ்.ஜி. (பாரிஸ் சான்-ஜெர்மான்) 1970-இல் பிறந்த கிளப். 2011-இல் கத்தார் பணம் வரும்வரை அது வென்ற லீக் பட்டம் இரண்டே இரண்டு. சேந்த்-எத்தியேன் 1981-க்குள்ளேயே பத்து வென்றுவிட்டது. லியோன் 2002 முதல் 2008 வரை ஏழு முறை தொடர்ந்து வென்றது. மாமாவிடம் கேளுங்கள், அவருக்கே நினைவிருக்கும்.

கே: போர்தோ அணி எங்கே போனது? (காரைக்காலிலிருந்து வந்து புதுச்சேரியில் படிப்பவர்)

ஆறு முறை சாம்பியன். கடன் சிக்கலில் தொழில்முறை அந்தஸ்தையே விட்டுவிட்டு 2024-இல் நான்காம் நிலைக்கு இறங்கியது. பிரான்ஸில் கிளப்களின் கணக்கைச் சோதிக்கத் தனி அமைப்பு உண்டு. பணம் சரியில்லை என்றால் பழம்பெருமை பார்க்காது. எனக்கு அது வருத்தம்தான், ஆனால் அந்தக் கண்டிப்பு தேவை.

கே: நான் நெய்வேலிக்காரன், இப்போது கடலூரில். எந்த அணியைப் பிடிக்கலாம்? (மஞ்சக்குப்பம்)

யோசிக்கவே வேண்டாம், லான்ஸ்! அதுவும் நிலக்கரி ஊர். மைதானத்துக்கு இருக்கும் பெயரில் ஒரு பாதியே சுரங்க நிறுவன நிர்வாகி ஒருவருடையது. ஊரில் சுமார் 32,000 பேர், மைதானத்தில் 38,000 இருக்கைகள்! அப்படியென்றால் சுற்றுவட்டாரமே திரண்டு வருகிறது என்று அர்த்தம். சுரங்கங்கள் மூடிப் பல வருடமாகியும் சிவப்பும் பொன்னிறமும் போட்ட கூட்டம் குறையவில்லை. 1998-இல் பட்டம் வென்றார்கள். 2023-இல் 84 புள்ளி எடுத்தும், 85 எடுத்த பி.எஸ்.ஜி.க்குப் பின்னால் நின்றார்கள். அந்த ஒரு புள்ளி எனக்கு இன்னும் ஆறவில்லை.

சொந்த மைதான ஆட்டமாகப் பார்த்துத் தொடங்குங்கள். இடைவேளையோடு தூங்கப் போய்விடாதீர்கள். இரண்டாம் பாதி தொடங்கும்போது சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றிய பாட்டை மைதானமே எழுந்து நின்று பாடும். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவருக்கு மொழி தெரியாவிட்டாலும் அது புரியும்.