பில்லில் மில்லிமீட்டர் இருக்கிறதா? துளைத் தகடு, கம்பி வலை: கேள்வி-பதில்

கேள்வி: முகப்புக்கு 1.5 மி.மீ. இரும்புத் துளைத் தகடு என்று பில் போட்டார்கள். மாட்டியபின் கையால் அழுத்தினாலே உள்வாங்குகிறது. பவுடர் கோட்டிங் செய்துவிட்டதால் இனிக் கனம் அளக்க முடியாது என்கிறார் விற்றவர்.

பதில்: முடியும். விடாதீர்கள். ஒரு பேனலைக் கழற்றி எடை போடுங்கள். 1 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ, 1.5 மி.மீ. என்றால் 11.8 கிலோ. இதில் துளைகள் போன பங்கைக் கழிக்க வேண்டும். வட்டத் துளைகள் முக்கோண வரிசையில் இருந்தால், துளை விட்டத்தைத் துளை மையங்களுக்கு இடையிலான தூரத்தால் வகுத்து, வருவதை அதனாலேயே பெருக்கி, 90.69-ஆல் பெருக்குங்கள். கிடைப்பதுதான் துளைகள் போன பங்கு, அதாவது திறப்பு, சதவீதத்தில். 5 மி.மீ. துளை, 8 மி.மீ. இடைவெளி என்றால் திறப்பு 35 சதவீதம். மிஞ்சுவது சதுர மீட்டருக்கு சுமார் 7.6 கிலோ. அதுவே 1.2 மி.மீ. தகடு என்றால் 6.1 கிலோதான் வரும். பூச்சின் எடை கால் கிலோவைத் தாண்டாது. துளையில்லாத ஓரம் இருந்தால் அதன் எடையைத் தனியே கூட்டிக்கொள்ளுங்கள். ஆலையிலிருந்தே பத்தில் ஒரு மி.மீ. குறைந்து வரலாம், அதை ஒப்புக்கொள்ளலாம். 0.3 குறைந்தால் அது ஏமாற்று வேலை. எடைச் சீட்டோடு எழுத்தில் புகார் கொடுத்து மாற்றுத் தகடு கேளுங்கள். எடை சரியாக இருந்தால் மட்டும் பின்னாலுள்ள சட்டங்களின் இடைவெளியைப் பாருங்கள்.

கேள்வி: பால்கனித் தடுப்பு பகலில் நல்ல மறைப்பாக இருக்கிறது. இரவில் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிறது. தகடு மட்டமா?

பதில்: தகட்டில் குறையில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் எதிர்ப்புறத்தில் இருப்பவருக்குத் தெரியும். திரை போடுங்கள்.

கேள்வி: இரண்டு கடைகளில் 10 மெஷ் எஸ்.எஸ். (துருப்பிடிக்கா எஃகு) வலை கேட்டேன். ஒரு கடையில் விலை சரிபாதி. வாங்கிவிடலாமா?

பதில்: கம்பி எத்தனை மி.மீ. என்று கேட்டீர்களா? கடிதத்தில் இல்லை. கடைக்காரர் பில்லிலும் இருக்காது. இந்தத் தொழிலில் நடக்கும் பாதி ஏமாற்று இந்த இடத்தில்தான் நடக்கிறது. 10 மெஷ் என்றால் ஓர் அங்குலத்துக்குப் பத்துக் கண், அவ்வளவுதான். அங்குலத்துக்கு 25.4 மி.மீ., ஆக ஒரு கண்ணும் ஒரு கம்பியும் சேர்ந்து 2.54 மி.மீ. கம்பி 0.5 மி.மீ. என்றால் கண் 2.04 மி.மீ., திறப்பு 64 சதவீதத்துக்குச் சற்று மேல். கம்பி 0.9 மி.மீ. என்றால் கண் 1.64 மி.மீ., திறப்பு 42 சதவீதத்தை எட்டாது. காற்றோட்டம், வெளிச்சம், உறுதி எல்லாமே மாறிவிடும். பெயர் மட்டும் அதே 10 மெஷ். உலோகத்தின் அளவையும் பாருங்கள்: 0.9 கம்பி வலையில் 0.5 கம்பி வலையைவிட மூன்று மடங்குக்கும் மேல் எஃகு இருக்கிறது. எனவே மெல்லிய வலையைப் பாதி விலைக்கு வாங்கினாலும் உங்களுக்கு நட்டம்தான்.

தகட்டில் இதே வேலையைக் கனத்தைக் குறிக்கும் கேஜ் எண் செய்கிறது. 16 கேஜ் என்பது அமெரிக்க எஃகுக் கணக்கில் 1.52 மி.மீ., பழைய பிரிட்டிஷ் கம்பிக் கணக்கில் 1.63 மி.மீ., அலுமினியத்துக்கு வழங்கும் அமெரிக்கக் கணக்கில் 1.29 மி.மீ. எந்தக் கணக்கு என்று சொல்லாமல் கேஜ் மட்டும் எழுதிய கொட்டேஷனைத் திருப்பிக் கொடுங்கள். வலைக்குக் கண், கம்பி விட்டம். தகட்டுக்குத் துளை, இடைவெளி, கனம். அத்தனையும் மி.மீ.-இல் எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கடலோரக் கட்டடம். 304 ரக எஸ்.எஸ். என்று விற்ற வலையில் ஆறே மாதத்தில் துருப்புள்ளிகள். வாங்கும்போது காந்தம் வைத்துக் காட்டினார்கள், ஒட்டவில்லை.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு கூட்டிய 201, 202 ரகங்களிலும் காந்தம் ஒட்டாது. எனக்கு 304 என்று பில் போட்டுத் தந்த சன்னல் வலையும் அந்த ரகம்தான். மாறாக, குளிர்நிலையில் இழுத்த நல்ல 304 கம்பியில் காந்தம் லேசாக ஒட்டவும் செய்யும். ஒரு துண்டை எக்ஸ்ரே உலோகச் சோதனைக்குக் கொடுங்கள். சில நொடிகளில் முடிவு தெரியும். நிக்கல் 4, 5 சதவீதம் என்று வந்தால் முழுப் பணத்தையும் கேளுங்கள். 8-க்கு மேல் இருந்தால் விற்றவர் சொன்னது உண்மை. உப்புக் காற்றுக்கு 304 போதவில்லை என்று அர்த்தம். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316-தான் அங்கே தாங்கும். அடுத்த முறை ஆலைச் சான்றிதழையும் அதிலுள்ள வார்ப்பு எண்ணையும் (எந்த உருக்குத் தொகுதி என்று காட்டும் எண்) சரக்கோடு ஒப்பிட்டு வாங்குங்கள். பக்கத்தில் யாராவது இரும்பு அறுத்தார்களா என்றும் விசாரியுங்கள். தெறித்த இரும்புத்தூள் துருப்பிடித்தாலும் இப்படித்தான் தெரியும். அது எஃகில் ஏறும் முன் துடைத்து எடுத்துவிடலாம்.

கேள்வி: எதிரொலி குறைய கூரையில் துளைத் தகடு மாட்டினோம். ஒரு மாற்றமும் இல்லை.

பதில்: தகடு ஒலியை உறிஞ்சாது, உள்ளே விடும். பின்னால் 50 மி.மீ. பாறைக் கம்பளி (ராக் வூல்) வைத்து, தூள் உதிராமல் மெல்லிய கருப்புத் துணி ஒட்டுங்கள்.

கேள்வி: 3 மீட்டர் அலுமினிய பேனல்களைச் சுற்றிலும் இறுக்கி ஸ்க்ரூ போட்டார்கள். மதிய வெயிலில் உப்பி, டப் டப் என்று சத்தம்.

பதில்: 40 டிகிரி சூடேறினால் 3 மீட்டர் அலுமினியம் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும். போக இடமில்லாவிட்டால் உப்பும். ஒரு புள்ளியை மட்டும் இறுக்கமாக வைத்து, மற்ற ஓட்டைகளை நீள்துளையாக்கச் சொல்லுங்கள்: 6 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 12 மி.மீ. நீளம். நைலான் வாஷர் போட்டு, ஸ்க்ரூவைப் பேனல் நகரும் அளவுக்கே முடுக்க வேண்டும். இரும்புச் சட்டம் என்றால் இடையில் ரப்பர் பட்டையும் வேண்டும், இல்லையேல் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். இது மாட்டியவர் தவறு. செலவு அவருடையது.

கேள்வி: அளவு சொல்லித் தகடு வெட்டி வாங்கினோம். ஓரமெல்லாம் பாதித் துளைகள், பல் பல்லாக நிற்கிறது. கைப்பிடிச் சுவரில் மாட்டியதில் குழந்தையின் விரல் கிழிந்தது. வரைபடம் எதுவும் கொடுக்கவில்லை, பணம் முழுவதும் கொடுத்தாகிவிட்டது.

பதில்: இன்றைக்கே கழற்றுங்கள். வரைபடம் இல்லாமல், சரக்கைப் பார்க்காமல், முழுப் பணத்தையும் எப்படிக் கொடுத்தீர்கள்? நாலு பக்கமும் துளையில்லாத ஓரம் எத்தனை மி.மீ. என்று எழுதாவிட்டால், பெரிய தகட்டில் வெட்டு எங்கே விழுகிறதோ அங்கே துளை அறுபடும். அதைத் தவறென்று வாதாட உங்கள் கையில் காகிதமே இல்லை. இனிச் செய்யக்கூடியது: பிசிறை அரம் வைத்து எடுத்து, நாலு ஓரத்துக்கும் யு வடிவச் சட்டம் பொருத்துங்கள். அறுபட்ட இடத்தில் பூச்சு கிடையாது என்பதால் சட்டம் ஏறும் முன் அங்கே துத்தநாகப் பெயின்ட் அடியுங்கள்.

கேள்வி: காற்றடித்தால் துளைத் தகடு விசில் அடிக்குமா?

பதில்: சில நேரம் அடிக்கும். 2020-இல் அமெரிக்காவின் கோல்டன் கேட் பாலத்தின் கைப்பிடியில் மெல்லிய பட்டைகளைப் பொருத்தியபின், பலத்த காற்றில் பாலமே ஊளையிடத் தொடங்கியது. உயரமான கட்டடம் என்றால் மொத்த ஆர்டருக்கு முன் ஒரு பேனலை அதே உயரத்தில், அதே திசையில் மாட்டி, காற்றுள்ள நாளில் கேட்டுப் பாருங்கள்.