சேற்றை அளப்பது ஒரு வேலையா?

ஐயா, வணக்கம். “ஜியாலஜி முடித்த பெண், ஸ்காட்லாந்து போய்ச் சேற்றின் ஆழம் அளக்கப் படிக்கப்போகிறேன் என்கிறாள், இதெல்லாம் ஒரு வேலையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைதான் ஐயா, பொறுப்பான வேலை.

மகள் சொல்லும் சேறு, பீட் மண். பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக முழுதாக மக்காமல் படிந்தது. எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். காற்று நன்றாக வீசும் மேட்டு நிலத்தில் இது கிடக்கிறது. காற்றாலைக்கும் அதே இடம்தான் வேண்டும். தோண்டிய மண்ணைச் சரிவின்மேல் குவித்தாலே மொத்தமாக வழுக்கிவிடலாம். அயர்லாந்தின் டெரிப்ரையனில் காற்றாலை கட்டும்போது, 2003 அக்டோபர் 16 அன்று ஏறக்குறைய 4.5 லட்சம் கன மீட்டர் பீட் சரிந்தது. ஆற்று மீன்கள் கூட்டமாகச் செத்தன. சுற்றுச்சூழல் மதிப்பீட்டை ஒழுங்காகச் செய்யாத வழக்கில், 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் அயர்லாந்துக்கு 50 லட்சம் யூரோ அபராதம் போட்டது. அதற்கு மேல் நாளுக்கு 15,000 யூரோ.

ஸ்காட்லாந்தில் பீட் நிலத்தில் பெரிய காற்றாலை கேட்பவர்கள் சரிவு அபாய அறிக்கை தர வேண்டும். அதற்காக 100 மீட்டருக்கு ஓர் இடமாக நடந்து, ஒன்றோடொன்று திருகி நீட்டும் மெல்லிய கம்பியைக் கையால் இறக்குவார்கள். பாறையில் பட்டால் ‘டங்’கென்று நிற்கும். களிமண் என்றால் பிடித்துக்கொண்டு மெல்ல விடும். இந்த வித்தியாசம் கைக்குத் தெரிய வேண்டும். அப்புறம் சரிவின் கோணம், பழைய வெடிப்புகள், கீழே வீடோ ஆறோ இருக்கிறதா என்பதெல்லாம் சேர்த்து, எந்த இடம் எவ்வளவு ஆபத்து என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

காற்றாலை என்ற பெயரைப் பார்த்து ‘எரிசக்தி மேலாண்மை’ படிப்பில் சேர்த்துவிடாதீர்கள். பொறியியல் நிலவியல் அல்லது மண் பொறியியல்தான் இதற்கு வழி. பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு மண் இயக்கவியல் கணக்கு தடுமாறும், இப்போதே போடட்டும். கார் ஓட்டவும் பழகட்டும், களத்துக்குப் பேருந்து போகாது. பீட் மட்டும் என்று நினைத்துக் கடன் வாங்க வேண்டாம். இதே படிப்பு சாலை, ரயில்பாதைச் சரிவுகளுக்கும் உதவும். திரும்பி வந்தால் நீலகிரி மண்சரிவு இருக்கிறது, யுபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வும் இருக்கிறது. அதன் கல்வித் தகுதிக்கு இந்தப் படிப்பு பொருந்துமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் கட்டுமுன், மழைக்காலத்தில் ஒரு மாதம் மண் பரிசோதனை நிறுவனம் ஒன்றுக்கு அனுப்புங்கள். சேறு அப்பிய ஷூவோடு வந்து, துளையில் எத்தனை மீட்டரில் என்ன மண் வந்தது என்று உங்களிடம் நிறுத்தாமல் சொன்னால், தைரியமாகக் கட்டுங்கள்.