எலுமிச்சையா, சுண்ணாம்பா?

அன்புள்ள ஐயா,

சினிமாச் செய்திகளில் ‘லைம்லைட்டுக்கு வந்த நடிகை’ என்று எழுதுகிறார்கள். லைம் என்றால் எலுமிச்சைதானே? அந்தக் காலத்து நாடக மேடையில் எலுமிச்சை நிற விளக்கு போட்டார்களா? வீட்டில் இதற்கு ஒரு வாக்குவாதமே நடந்துவிட்டது.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எலுமிச்சை இல்லை, சுண்ணாம்பு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றுதான், ஆனால் உறவு கிடையாது. பழத்தின் பெயர் அரபியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. சுண்ணாம்பின் பெயர் பழைய ஆங்கிலச் சொல். ஒட்டும் பசையையும் அதே சொல்லால் குறித்தார்கள்.

ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும் சுடரைச் சுட்ட சுண்ணாம்புக் கட்டியின் மேல் பாய்ச்சினால், சுமார் 2,600 டிகிரி செல்சியஸ் வரை அது உருகாது. கண் கூசும் வெண்மையில் ஒளிரும். இதற்கு முதலில் பெரிய வேலை கொடுத்தவர் நாடகக்காரர் அல்ல. தாமஸ் டிரம்மண்ட் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர், 1825-இல், அயர்லாந்து நில அளவைக்காக. ஒரு மலையுச்சியில் ஏற்றிய அவருடைய விளக்கு, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு உச்சியில் தெரிந்தது.

மேடைக்கு வந்தது 1837-இல், லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில். கேஸ் விளக்கு மேடை முழுக்கப் பரவும். லென்ஸ் பொருத்திய இந்த விளக்கோ ஒரே ஆளின் மேல் விழும். அவர் நகர்ந்தால் கூடவே நகரும். அது முக்கிய நடிகர்களுக்கான வெளிச்சம் ஆயிற்று. புகழின் நடுவில் நிற்பது என்ற பொருள் 1870-களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் விளக்கை இயக்கிய ஆள். ஒவ்வொரு விளக்குக்கும் ஒருவர் வேண்டும். வாயுவைப் பைகளில் அடைத்து, மேலே எடைக்கல் வைத்து அழுத்துவார்கள். கொஞ்சம் பிசகினாலும் வெடிக்கும். சுடர் பட்ட இடத்தில் சுண்ணாம்பு குழிந்துபோகும், அதனால் கட்டியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதே நேரத்தில் நடிகரையும் தவறவிடக் கூடாது. அகராதி நடிகரை மட்டும் வைத்துக்கொண்டு இவரை விட்டுவிட்டது. எனக்கு அது அநியாயமாகவே படுகிறது.

அப்புறம் மின்விளக்கு வந்தது, சுண்ணாம்பு போய்விட்டது. ஆனாலும் பிரிட்டிஷ் அரங்குகளில், நடிகரைத் தொடரும் விளக்கை இன்றும் ‘லைம்’ என்றுதான் சொல்கிறார்கள்.