நானூறு டாலரில் முதல் செமி ஆட்டோ ரைஃபிள்: கேட்டவர்களுக்குப் பதில்

ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன். சனிக்கிழமை காலையில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுவிட்டு வருவது பல வருடப் பழக்கம். இது தெரிந்ததிலிருந்து, முதல் செமி ஆட்டோ ரைஃபிள் (விசையை, அதாவது டிரிகரை, ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டா சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) வாங்குவது பற்றி நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன். முக்கியமான கேள்வியை முதலில் வைத்திருக்கிறேன். அதில் தேறாதவர்கள் மற்றதைச் சும்மா படித்துக்கொள்ளலாம்.

கேள்வி: அண்ணா, நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். டெக்சஸ் லைசென்ஸ் இருக்கிறது. வாங்கலாம்தானே?

டிரைவிங் லைசென்ஸைக் கேட்கிறீர்கள் என்றால், அது போதாது. குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். டெக்சஸ் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும் என்பது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது.

ஒரு விலக்கு உண்டு: காலாவதியாகாத வேட்டை உரிமம், அதாவது ஹண்டிங் லைசென்ஸ், கையில் இருக்க வேண்டும். அந்த வழியில் போவதென்றால் ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கடையில் நிரப்பும் 4473 படிவம் உங்கள் விசா நிலையைக் கேட்கும். அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம். 300 டாலர் துப்பாக்கிக்காக க்ரீன் கார்டு வரிசையில் நின்ற பத்து வருடத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

க்ரீன் கார்டு இருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. லைசென்ஸில் இருக்கும் விலாசம் இப்போதைய விலாசமாக இருக்கட்டும். பெயரையும் அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். அப்பா பெயர் கடைசிப் பெயராகி, இனிஷியல் எங்கேயோ போய் நிற்கும் நம் பெயர்களில் குழப்பம் எளிது. பின்னணிச் சோதனையில் 'தாமதம்' என்று வந்தால் பதறாதீர்கள், அது மறுப்பு இல்லை.

கேள்வி: மொத்தமே 400 டாலர்தான். எதை வாங்குவது?

ரூகர் 10/22. இதைச் சொல்ல நான் தேவையில்லை, எந்தக் கடைக்காரரும் சொல்வார். ஆனால் ஏன் என்பதைச் சொல்கிறேன்.

1964-இல் வந்த மாடல். .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) என்ற சின்ன, மலிவான தோட்டா. 10 தோட்டா பிடிக்கும் சுழல் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), அடியில் துருத்திக்கொண்டு நிற்காமல் உடலோடு உள்ளே அடங்கிவிடும். வேலை செய்யும் விதமும் எளிது: சுட்டதும் வெற்று உறை பின்னால் தள்ளும், அந்த வேகத்தில் போல்ட் (தோட்டா அறையைப் பின்பக்கம் மூடும் இரும்புக் கட்டை) பின்னே போய் உறையை வெளியே எறியும், ஸ்பிரிங் அதை முன்னே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும். கெட்டுப்போக உள்ளே பெரிதாக எதுவும் இல்லை. ஆறு பத்தாண்டுகளாக விற்பதால் உதிரிபாகம் கிடைக்காது என்ற பேச்சே கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. கடைசித் தோட்டா தீர்ந்ததும் போல்ட் திறந்து நிற்காது. 'டிக்' என்ற சத்தம் கேட்டுத்தான் தீர்ந்தது தெரியும். அப்புறம் அந்த போல்ட்டைத் திறந்து நிறுத்தும் சின்னக் கொக்கி. விசையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையத்துக்கு முன்னால் இருக்கும். ஒரு கையால் அதை அழுத்திக்கொண்டே மறு கையால் போல்ட்டை இழுத்துப் பிடிக்க வேண்டும். முதல் வாரம் திட்டாதவர் யாரும் இல்லை. சுத்தம் செய்யும்போதும் பின்பக்கம் மூடியிருப்பதால் குழலின் வாயிலிருந்துதான் கம்பியை விட வேண்டும். நான் கம்பிக்குப் பதில் உள்ளே இழுக்கும் கயிற்றுத் துடைப்பானையே பயன்படுத்துகிறேன்.

கணக்குப் பாருங்கள். சாதாரண மாடல் 300 டாலருக்கு முன்பின். காதுமூடி 25, பாதுகாப்புக் கண்ணாடி 10, 500 தோட்டா 40. இது 375. ஹூஸ்டனில் 8.25 சதவீத வரி சேர்த்தால் 400-ஐச் சற்றே தாண்டும். பூட்டு ஒன்று பெட்டியிலேயே வரும்.

இன்னும் குறைவாக வேண்டுமென்றால் சாவேஜ் 64. சுடும், குறி தவறாது, ஆனால் விசை கொஞ்சம் கனம்.

கேள்வி: நேராக ஏஆர்-15 வாங்கினால் என்ன? .22 சின்னப் பையன்கள் சுடுவது என்கிறார்களே?

சொல்பவர் உங்கள் தோட்டாவுக்குக் காசு கொடுப்பாரா? ஒரு மதியம் 200 தோட்டா சுடுகிறீர்கள் என்று வையுங்கள். .22 ஒன்று 8 சென்ட் என்றால் 16 டாலர். ஏஆர்-15-க்குப் போடும் .223 ஒன்று 45 சென்ட் என்றால் 90 டாலர். துப்பாக்கியே 500, 600-இல் ஆரம்பிக்கும். பட்ஜெட் போட்டு ஏஆர் வாங்கியவர்களில் பலர் அதை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு வருடத்துக்கு இரண்டு முறை எடுப்பதைப் பார்க்கிறேன். சுடக் கற்பது சுட்டால்தான் வரும். அந்த வடிவம்தான் ஆசை என்றால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 15-22 இருக்கிறது. தோற்றம் ஏஆர், தோட்டா .22.

ஏஆர் என்றால் 'அசால்ட் ரைஃபிள்' இல்லை, ஆர்மலைட் என்ற கம்பெனிப் பெயர். செமி ஆட்டோ என்றால் விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டா. அவ்வளவுதான்.

கேள்வி: பான் ஷாப்பில் (அடகுக் கடையில்) பழைய மார்லின் 60 ஒன்று 150 டாலருக்கு இருக்கிறது. எடுக்கலாமா சார்?

நல்ல நிலையில் இருந்தால் யோசிக்காதீர்கள். இதுவும் .22 செமி ஆட்டோதான், 1960-இல் தொடங்கி லட்சக்கணக்கில் செய்தார்கள். மார்லினை வைத்திருந்த ரெமிங்டன் 2020-இல் திவாலாகி, மார்லின் ரூகரிடம் போனது. அதனால் 60-ஐப் பழையதாகத்தான் தேட வேண்டும்.

கையில் ஒரு சின்ன டார்ச்சோடு போங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, போல்ட்டைத் திறந்து தோட்டா இல்லை என்று கண்ணாலும் சுண்டு விரலாலும் பாருங்கள். டார்ச்சைத் திறந்த அறைப் பக்கம் வைத்து, குழலின் வாய் வழியாகப் பாருங்கள். உள்ளே வரிகள் பளபளவென்று தெரிய வேண்டும். கறுப்புப் புள்ளி புள்ளியாக இருந்தால் துரு. அடுத்து, குழலுக்குக் கீழே ஓடும் மேகசின் குழாயை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சின்ன நசுங்கல் இருந்தாலும் தோட்டா உள்ளே மாட்டும். அதற்குள் செருகியிருக்கும் பித்தளை உள்குழாயை இழுத்துவிட்டால் ஸ்பிரிங் சீராக வர வேண்டும். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ வீட்டு ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே போயிருக்கிறார் என்று அர்த்தம். அதை நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: ஸ்கோப் உடனே வேண்டுமா?

வேண்டாம். முதல் 500 தோட்டாவை, துப்பாக்கியின் மேலேயே இருக்கும் இரும்புக் குறியிலேயே சுடுங்கள். நான் அவசரப்பட்டு 30 டாலருக்கு ஒன்று வாங்கி மாட்டினேன். ஒவ்வொரு வாரமும் குறி இடம் மாறியது. என் கைதான் சரியில்லை என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். கழற்றி லேசாக ஆட்டினால் உள்ளே ஏதோ கடகடவென்று ஆடுகிறது!

கேள்வி: பத்துத் தோட்டாவுக்கு ஒன்று சிக்குகிறது. துப்பாக்கி கோளாறா?

தோட்டாவை மாற்றிப் பாருங்கள் முதலில். சத்தம் குறைந்த, வேகம் குறைந்த வகைக்கு போல்ட்டை முழுதாகப் பின்னே தள்ளும் சக்தி போதாது. உறை பாதியில் நட்டுக்கொண்டு புகைபோக்கி மாதிரி நிற்கும். சிசிஐ மினி-மேக் போன்ற அதிவேக வகையில் ஒரு பெட்டி போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சிக்கினால் அவசரம் வேண்டாம். விரல் விசைக்கு வெளியே, குழல் இலக்கை நோக்கி. மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து உறையை உதறுங்கள். விசையை இழுத்தும் வெடிக்காமல் 'டிக்' மட்டும் கேட்டால், குழலை இலக்கை விட்டுத் திருப்பாமல் 30 விநாடி பொறுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு.

கேள்வி: நான் சியாட்டலில். நீங்கள் சொல்வது எனக்கும் பொருந்துமா?

துப்பாக்கி பொருந்தும், சட்டம் பொருந்தாது. வாஷிங்டன் மாநிலத்தில் 10/22 உட்பட எல்லா செமி ஆட்டோ ரைஃபிளுக்கும் 21 வயது, பயிற்சிச் சான்று, காத்திருப்பு என்று நிபந்தனை உண்டு. 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசின் அங்கே விற்கக் கூடாது. நியூ ஜெர்சியில் வாங்குவதற்கு முன் தனி அடையாள அட்டை, இல்லினாயில் ஃபாய்டு (துப்பாக்கி வைத்திருப்பவருக்கான அடையாள) அட்டை. கலிஃபோர்னியாவில் தேர்வு எழுதி, அப்புறம் 10 நாள் காத்திருங்கள்.

கேள்வி: வீட்டில் ஆறு வயது மகன். மனைவிக்குத் துளியும் இஷ்டமில்லை.

அவர் சொல்வதைக் கேளுங்கள். பூட்டிய இரும்பு அலமாரி வாங்க 100 டாலர் ஒதுக்க முடியாவிட்டால், துப்பாக்கியை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வையுங்கள். தோட்டா வேறு இடத்தில், வேறு சாவியில். டெக்சஸில் சுடத் தயாரான துப்பாக்கியைக் கவனமில்லாமல் விட்டு வைத்து, அது 17 வயதுக்குட்பட்டவர் கையில் கிடைத்துவிட்டால், விட்டு வைத்தவர் மேல் குற்றம். மெத்தைக்கடியில் வைத்தால் குழந்தைக்குத் தெரியாது என்று நினைப்பவர், தீபாவளிப் பலகாரத்தைத் தன் அம்மா எங்கே ஒளித்து வைத்தார் என்று தனக்குத் தெரிந்திருந்ததை மறந்துவிட்டார்.

கேள்வி: இரண்டு வருடத்தில் கோவைக்கே திரும்பிவிடுவேன். கூடவே எடுத்துப் போக முடியுமா?

அந்த நினைப்பே வேண்டாம். இங்கிருந்து வெளியே கொண்டுபோக அமெரிக்க அரசின் ஏற்றுமதி விதிகள் உண்டு, இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு உரிமம் உள்ள கடையில் விற்றுவிடுங்கள். 10/22 என்றால் வாங்கிய விலையில் பாதிக்குக் குறையாமல் கேட்டுப் பாருங்கள். பெட்டியையும் கையேட்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் பேரம் பேச வசதி.